நம்பிக்கையானவரா, நம்பகமானவரா, நாணயமானவரா: எழுத்தில் எந்தச் சொல்லைப் போடுவது?

மதுரை சிம்மக்கல் பக்கம், கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடை வைத்து 20 வருடம் ஆகப்போகிறது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், மனு, பயோடேட்டா, பரிந்துரைக் கடிதம் என்று எல்லாத் தமிழும் என் மேஜைக்கு வந்து போகும். வருகிறவர்கள் அடிக்கடி திணறி நிற்கும் இடம் ஒன்று உண்டு. "இந்த ஆளை நம்பலாம்" என்று எழுத வேண்டும். அதற்கு எந்தச் சொல்?

போன மாதம் கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். அவரிடம் 11 வருடம் வேலை பார்த்த பையன் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போகிறான். அங்கே ஒரு கடையில் சேர்வதற்குக் கடிதம் வேண்டும். "தம்பி, நம்பிக்கையான பையன்னு போட்டுரு, போதும்" என்றார். அடித்தேன். திரையைப் பார்த்தவர் கொஞ்சம் யோசித்து, "இல்லப்பா, விசுவாசமானவன்னு போடு" என்றார். மாற்றினேன். "நாணயமானவன்னா இன்னும் நல்லாருக்குமோ?" அதையும் மாற்றினேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதானப்பா?" என்று கேட்டார்.

எல்லாம் ஒன்று இல்லை. ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு விஷயத்துக்கு ஜாமீன் நிற்கிறது. கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் எதற்கு ஜாமீன் கொடுக்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெரியவருக்குச் சொன்னதையும், அவருக்கு முன்னால் பலருக்குச் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது

சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலாவது, சொல்லப்போவது மனிதரைப் பற்றியா, பொருளைப் பற்றியா, செய்தியைப் பற்றியா? முதலாளிக்குப் பொருந்தும் சொல் மோட்டாருக்குப் பொருந்தாது.

இரண்டாவது, நம்பி எதை ஒப்படைக்கப் போகிறார்கள்? பணமா, நேரமா, பிள்ளையா, வீட்டுச் சாவியா, குடும்ப ரகசியமா? ஐந்தில் இதுதான் எனக்குப் பெரியது. மற்ற நான்கையும் மறந்துவிட்டு இதை மட்டும் கேட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, சொல்கிறவர் யார்? பிறர் நம்மைப் பற்றிச் சொன்னால் அழகாக இருக்கும் சொல், நாமே சொல்லிக்கொண்டால் கூசும்.

நான்காவது, வேறு அர்த்தம் ஏதாவது குறுக்கே வந்து விழுமா?

ஐந்தாவது, அதன் எதிர்ச்சொல் எவ்வளவு வெட்டும்? இதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு கடையில் இரண்டு பேர் விலகுகிறார்கள். ஒருவருக்கு "நாணயமானவர்" என்று எழுதிக் கொடுத்து, இன்னொருவருக்கு அந்தச் சொல் இல்லாமல் கொடுத்தால், அந்த இல்லாமை பேசும். "நம்பகமற்ற தகவல்" என்றால் யாருக்கும் வலிக்காது. "நாணயமற்றவன்" என்றால் ஊரில் சண்டை வரும்.

## நம்பிக்கையான

எல்லாருக்கும் முதலில் வாயில் வருகிற சொல் இது. படித்தவர், படிக்காதவர், சின்னப் பிள்ளை என்று எல்லாருக்கும் புரியும். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் பேசிக்கொள்ளும்போது இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. "நம்பிக்கையான இடம், பொண்ணைக் கொடுக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னால் அதற்குள் குடும்பம், குணம், பழக்கவழக்கம் எல்லாம் அடங்கிவிடுகிறது.

எழுத்தில்தான் சிக்கல். "நம்பிக்கையான இளைஞர்" என்று ஒரு வரி. அவரை மற்றவர்கள் நம்பலாமா, அல்லது அவர் மனசில் நம்பிக்கை நிறைந்திருக்கிறதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். கிரிக்கெட்டில் புதிதாக வந்த பையனை "நம்பிக்கை நட்சத்திரம்" என்கிறோம். அவன் இனிமேல்தான் ஆடிக் காட்ட வேண்டும். தன்னம்பிக்கை வேறு, மூடநம்பிக்கை வேறு, சட்டமன்றத்தில் வரும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வேறு. ஒரே சொல் இத்தனை வீட்டில் குடியிருக்கிறது.

இதற்கு ஒரு பழைய காரணம் இருப்பதாக எனக்குப் படுகிறது. தொல்காப்பியம் உரியியலில் "நம்பும் மேவும் நசையா கும்மே" என்று ஒரு நூற்பா வருகிறது. நசை என்றால் விருப்பம். நம்பு என்பதற்கு அங்கே சொல்லியிருக்கும் பொருள் விரும்புதல். இன்றைக்கும் "மழை வரும்னு நம்பிக்கையா இருக்கேன்" என்று சம்சாரி, அதாவது விவசாயி, சொல்லும்போது அந்தப் பழைய விருப்பம்தானே பேசுகிறது? வானத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற பேச்சு இல்லை அது.

ஆளைச் சோதித்து ஏற்றுக்கொள்வதற்குத் திருக்குறளில் வருவது தெளிதல், தேறுதல் என்ற சொற்கள். 51ஆம் அதிகாரத்துக்கே "தெரிந்து தெளிதல்" என்றுதான் பெயர். அதில் 509ஆம் குறள் "தேறற்க யாரையும் தேராது" என்று தொடங்கும். தேராமல், அதாவது ஆராயாமல், யாரையும் தேறாதே, நம்பாதே. தேர்தல் முந்தி, தேறுதல் பிந்தி. மதுரைக்காரர்களுக்கு இது ஏட்டோடு நிற்கிற விஷயம் இல்லை. பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் ஏற்றுக்கொண்ட பாண்டியனைப் பார்த்துக் கண்ணகி சொன்ன முதல் வார்த்தையே "தேரா மன்னா" என்பதுதான். இன்று தேறுதல் என்ற சொல் பரீட்சையில் தேறுவதற்கும், நோயிலிருந்து உடம்பு தேறுவதற்கும் போய்விட்டது. அது செய்த வேலையையும் சேர்த்து "நம்பிக்கை" சுமக்கிறது. பாரம் அதிகம்.

இந்தச் சொல்லின் மறைவான செலவு, அது தேய்ந்துபோனது. கடைப் பலகையில் "நம்பிக்கையான நிறுவனம்" என்று போடச் சொல்லி வருகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்களின் நோட்டீஸிலும் அதே வாசகம்தான் இருந்தது. பணத்தை இழந்தவர்கள் மனு எழுத என் கடைக்கு வந்தபோது அந்த நோட்டீஸையும் மடித்து எடுத்து வந்தார்கள். அந்த மனுவில் எழுத வேண்டியிருந்த குற்றத்தின் பெயரும் "நம்பிக்கை மோசடி". முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 406ஆம் பிரிவு என்று எழுதுவோம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு.

அறிமுகம் உள்ளவர்களுக்குள், பேச்சுக்கு, குடும்ப விஷயத்துக்கு இந்தச் சொல் சரி. முன்பின் தெரியாதவர் படிக்கப்போகும் கடிதத்தில் இதைத் தனியாக நிறுத்தாதீர்கள்.

## நம்பகமான

மேலே சொன்னதன் தம்பி மாதிரி தெரியும், ஆனால் குணம் வேறு. விருப்பம், ஆசை எதுவும் இதில் ஒட்டவில்லை. பொருளுக்கும் முறைக்கும் தகவலுக்கும் இதுதான் பொருத்தம். நம்பகமான இயந்திரம், நம்பகமான புள்ளிவிவரம், நம்பகமான மென்பொருள். "நம்பிக்கையான இயந்திரம்" என்றால் இயந்திரத்துக்கு மனசு இருப்பது போல ஆகிவிடும்.

பி.எட். படிக்கிற பிள்ளைகள் ஆய்வறிக்கை அடிக்கக் கொண்டுவருவார்கள். அதில் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வரும். நம்பகத்தன்மை என்றால் எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வருவது. ஏற்புடைமை என்றால் எதை அளக்க வேண்டுமோ அதைத்தான் அளக்கிறதா என்பது. ஒரு மாணவி வித்தியாசம் புரியவில்லை என்று கேட்டபோது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் தராசைச் சொன்னேன். ஒரு தராசு எப்போது போட்டாலும் சரியாக 50 கிராம் குறைத்துக் காட்டுகிறது என்று வையுங்கள். ஒரு நாளும் மாறவில்லை. துறைச் சொல்லின்படி அந்தத் தராசு நம்பகமானது, ஆனால் ஏற்புடையது இல்லை. அது தெரிந்தே அந்தத் தராசில் பூ வாங்கும் கடைக்காரர் நாணயமானவரும் இல்லை. "அண்ணே, இப்பப் புரியுது" என்று சிரித்துவிட்டு, அந்த உதாரணத்தை அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

மனிதருக்கு இதைப் போட்டால் தப்பில்லை, ஆனால் ஆபீஸ் வாடை அடிக்கும். "என் மாமா நம்பகமானவர்" என்று யாரும் பேச மாட்டார்கள். செய்தித்தாளிலும் அலுவலகக் குறிப்பிலும் சரியாக இருக்கும்.

எழுத்துப் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வாரத்துக்கு நாலு முறை திருத்துகிறேன். "நம்பகத்தன்மையான" என்று எழுத வேண்டாம். நம்பகமான என்றாலே அந்தத் தன்மை வந்துவிடுகிறது. அடைமொழியாக வந்தால் நம்பகமான, பெயராக வந்தால் நம்பகத்தன்மை.

## நம்பத்தகுந்த, நம்பும்படியான

இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். நம்பத்தகுந்த என்றால் நம்புவதற்குத் தகுதி உடையது. "நம்பத்தகுந்த வட்டாரங்கள்" என்று பத்திரிகையில் படித்திருப்போம். மனுவில் சாட்சியைப் பற்றிச் சொல்ல, கிடைத்த தகவலைப் பற்றிச் சொல்ல நல்ல சொல்.

நம்பும்படியான என்பது வேறு. "நம்பும்படியாச் சொன்னான்" என்று கேட்டதும் நம் காது என்ன எதிர்பார்க்கிறது? அடுத்த வரியில் அவன் சொன்னது பொய் என்று வரப்போகிறது. ஒருவர் தன் மனுவில் "நான் நம்பும்படியான ஆதாரங்களைச் சமர்ப்பித்துள்ளேன்" என்று எழுதிக் கொண்டுவந்தார். ஆதாரம் எல்லாம் அசல், கிரயப் பத்திர நகல், பட்டா, ரசீது. ஒரு சொல்லால் அத்தனையும் ஜோடித்தது போல ஆகிவிட்டது. "நம்பத்தகுந்த" என்று மாற்றிக் கொடுத்தேன்.

அதிகாரப்பூர்வமான என்பதையும் இதன் இடத்தில் போடாதீர்கள். அரசு அலுவலகத்திலிருந்து வந்தால் அதிகாரப்பூர்வம். அதில் தேதி தப்பாகவும் இருக்கலாம்.

## நாணயமான

என் மனசுக்கு நெருக்கமான சொல் இது. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். வெள்ளிக் காசு புழங்கிய காலத்தில் வாங்குகிறவர் அதைச் சுண்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு வாங்குவார். போட்ட மதிப்பு உள்ளே இருக்கிறதா என்ற அந்தச் சோதனை இந்தச் சொல்லுக்குள் இன்னமும் இருக்கிறது. நா நயம்தான் நாணயம் ஆனது என்று மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது சொல் விளையாட்டு. சொல்லின் பிறப்பு அது இல்லை.

எங்கள் ஊரில் இந்தச் சொல் உயிரோடு இருக்கும் இடம் பூ மார்க்கெட். உசிலம்பட்டிப் பக்கம், திருமங்கலம் பக்கம் விடியும் முன்னே மல்லி மொட்டைப் பறித்து, பையில் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எல்லாச் சம்சாரியும் கூடவே வந்து நிற்க முடியாது. கடைக்காரர் எடை போட்டு, அன்றைய விலைக்குச் சீட்டு எழுதுவார். முகூர்த்த நாளில் காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. எந்த விலைக்கு எழுதுகிறார், எத்தனை கிலோ என்று எழுதுகிறார் என்பது அவர் மனசாட்சிக்கு மட்டும் தெரியும். 2013ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவுக்குக் குறியீடு உண்டு, தராசுக்கு முத்திரை உண்டு. கடைக்காரருக்கு என்ன உண்டு? "அது நாணயமான கடை" என்று சம்சாரிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான். அந்தப் பேச்சில் "நம்பகமான கடை" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மொய் நோட்டும் அப்படித்தான். பத்து வருடத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு ஒருவர் 500 ரூபாய் எழுதினார் என்றால், அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் குறையாமல் திருப்பி எழுத வேண்டும். முத்திரைத்தாள் கிடையாது, வட்டிக் கணக்கு கிடையாது. மறந்தவரை ஊர் "நாணயம் இல்லாத ஆள்" என்று சொல்லும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து கடன் வாங்கியாவது மொய் எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே கொடுக்கல் வாங்கல், கொடுத்த வாக்கு, சரக்கின் தரம் இவற்றுக்கு இதைவிடப் பலமான சொல் தமிழில் இல்லை. குறையும் உண்டு. பணம் புழங்காத இடத்தில் இது ஒட்டாது. "நாணயமான ஆசிரியர்" என்று படித்தால் டியூஷன் பணத்தைப் பற்றிப் பேசுகிறார்களா என்று தோன்றும். வரன் தேடும் விளம்பரத்தில் "நாணயமான குடும்பம்" என்று போட்டால் கடன் இல்லாத குடும்பம் என்று சிலர் படிப்பார்கள். அங்கே "நல்ல குடும்பம்" போதும். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளவும் கூடாது. "நான் நாணயமானவன்" என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தாலே எதிரே இருப்பவர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இதன் கூடப் பிறந்தது "கை சுத்தம்". பேச்சில் பெரிய பாராட்டு. எழுத்தில் யோசித்துப் போடுங்கள். வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க வந்த டீச்சர், "கை சுத்தமானவர்" என்று நல்ல மனசோடுதான் எழுதச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். "ஏங்க டீச்சர், திருடமாட்டேன்னு எழுதித்தான் வேலை கேக்கணுமா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "9 வருடமாக எங்கள் வீட்டுச் சாவி ஒன்று இவரிடம் இருக்கிறது" என்று மாற்றி எழுதினோம். சொல்ல வேண்டியது எல்லாம் அதில் வந்துவிட்டது, யாரும் தலைகுனியவும் இல்லை.

## விசுவாசமான

வடமொழியிலிருந்து நம்பிக்கை என்ற பொருளோடு வந்த சொல். தமிழில் இரண்டு வழியாகப் பிரிந்தது. ஒன்று கிறிஸ்தவ வழக்கு. அங்கே விசுவாசம் என்றால் இறைவன்மேல் வைக்கும் பற்றுறுதி, விசுவாசி என்றால் அந்தப் பற்று உடையவர். கத்தோலிக்கத் திருப்பலியில் முன்பு "விசுவாசப் பிரமாணம்" என்று சொன்னதை இப்போது "நம்பிக்கை அறிக்கை" என்கிறார்கள். இன்னொன்று பொது வழக்கு. இங்கே விசுவாசம் கீழிருந்து மேலே போகிறது: வேலைக்காரர் முதலாளிக்கு, தொண்டர் தலைவருக்கு, நாய் வளர்த்தவருக்கு. முதலாளி தொழிலாளிக்கு விசுவாசமாக இருந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. அதனாலேயே இந்தச் சொல்லைப் போடும்போது எனக்குக் கை தயங்கும்.

இதில் நான் ஒரு தப்புச் செய்தேன். எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு எழுதிய ஒருவருக்கு அந்த முதலாளி சொல்லச் சொல்லக் கடிதம் அடித்தேன். "20 வருடம் எங்களுக்கு விசுவாசமாக உழைத்தவர்." நல்ல வரி என்றுதான் நினைத்தேன். புது இடத்தில் படித்தவர்கள் அவரையே கேட்டிருக்கிறார்கள்: "அவங்களுக்கு விசுவாசம்னா, எங்க கணக்கு வழக்கு அங்க போகாதுன்னு என்ன நிச்சயம்?" வேலை கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வேறு கடிதம் கேட்டு என்னிடமே வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அந்த மனிதர் 20 வருடமும் தினம் மாலை கல்லாவையும் பேரேட்டையும் ஒத்துப் பார்த்து, ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். அதைத்தான் முதல் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். முதலாளி சொன்னதை அடிப்பது மட்டும் என் வேலை என்று இருந்துவிட்டேன். அந்த மூன்று மாதம் இன்னமும் என்னை உறுத்துகிறது.

விசுவாசம் என்றால் "யாருக்கு?" என்ற கேள்வி கூடவே வரும். பணி ஓய்வுப் பாராட்டு மடலில் போடலாம், இனி அவர் வேறு எங்கும் போகப்போவதில்லை. இன்னொரு முதலாளிக்குக் கொடுக்கும் கடிதத்தில் வேண்டவே வேண்டாம்.

## உறுதியான, உத்தரவாதமான, பொறுப்பான

உறுதியான என்பது கயிற்றுக்கும் கட்டிலுக்கும் முடிவுக்கும். "உறுதியானவர்" என்றால் வளைந்து கொடுக்காதவர், நம்பலாம் என்று ஆகாது. உத்தரவாதம் என்பது கெட்டுப்போனால் மாற்றித் தருவேன் என்ற வாக்கு. பொருள் நல்ல பொருள் என்பது அதில் இல்லை. பொறுப்பான என்பது இளையவர்களுக்கு அழகான சொல். "பொறுப்பான பையன்" என்றால் சொன்ன நேரத்துக்கு வருவான், சொல்லாத வேலையையும் பார்ப்பான். ஐம்பது வயதுக்காரருக்கு அதைப் போட்டால் சின்னப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போல இருக்கும்.

## ஒரே பார்வையில்

| சொல் | யாருக்கு, எதற்கு | எதற்கு ஜாமீன் | எங்கே உதைக்கும் |
|---|---|---|---|
| நம்பிக்கையான | தெரிந்த மனிதர், குடும்பம் | பொதுவாக எல்லாவற்றுக்கும் | இரட்டை அர்த்தம். விளம்பரத்தில் தேய்ந்துவிட்டது |
| நம்பகமான | கருவி, முறை, தரவு | மாறாமல் ஒரே மாதிரி இருப்பதற்கு | உறவுப் பேச்சில் விறைப்பாக நிற்கும் |
| நம்பத்தகுந்த | செய்தி, சாட்சி, ஆதாரம் | ஏற்கும் தகுதிக்கு | நம்பும்படியான என்று மாறினால் அர்த்தமே போச்சு |
| நாணயமான | வியாபாரி, கடை, கடன் வாங்குபவர் | பணம், வாக்கு | பணம் இல்லாத இடத்தில் ஒட்டாது. எதிர்ச்சொல் கடுமை |
| விசுவாசமான | ஓய்வு பெறுபவர், தொண்டர் | ஒருவர்மேல் உள்ள பற்றுக்கு | யாருக்கு என்ற கேள்வி வரும் |
| பொறுப்பான | இளையவர் | நேரம், வேலை | பெரியவருக்குப் பொருந்தாது |

## சொல்லே இல்லாமல் சொல்வது

நம் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். ஆளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும்போது மேலே உள்ள எந்தச் சொல்லும் இல்லாமலேயே பாதி நேரம் பேசிவிடுகிறோம். "அவரை நம்பிச் சாவியைக் கொடுக்கலாம்." "அந்த அண்ணன் ஆட்டோவுல நம்பிப் பிள்ளையை ஏத்தி விடலாம்." "அந்தக் கடையில நம்பி எண்ணெய் வாங்கலாம்." நம்பி என்று சொல்லி, பக்கத்தில் ஒரு வினையை வைத்துவிடுகிறோம். எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை அந்த வினை சொல்லிவிடுகிறது. ஆட்டோக்காரரிடம் பிள்ளையை விடலாம் என்று சொன்னவர், அவருக்குப் பணம் கடன் கொடுக்கலாம் என்று சொல்லவில்லை. கேட்கிறவருக்கும் அது புரியும்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்ற பழமொழியும் இதே கட்டுமானம்தான். குதிர் என்பது ஆற்றின் நடுவே தெரியும் மணல் திட்டு, அதுதான் குதிரை ஆகிவிட்டது என்று சிலர் விளக்கம் சொல்வார்கள். வைகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த விளக்கம் பிடிக்கும். எனக்கு மண்குதிரையாகவே பிடித்திருக்கிறது. மேலூர்ப் பக்கமும் சிவகங்கைப் பக்கமும் புரவி எடுப்பு நடக்கும் ஊர்களில், நேர்ந்துகொண்டவர்கள் செய்யச் சொன்ன மண்குதிரைகளைத் தோளில் சுமந்துபோய் அய்யனார் கோவிலில் நிறுத்துவார்கள். மழையும் வெயிலும் பட்டு வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும். நேர்த்திக்கடன் தீர்ந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பழமொழி அதை நம்பி ஆற்றில் இறங்காதே என்றுதான் சொல்கிறது, அதை நம்பவே கூடாது என்று சொல்லவில்லை.

அதனால் பரிந்துரைக் கடிதம் எழுத வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் சொல்லைக் கேட்பதில்லை. "அவரை நம்பி எதைக் கொடுத்தீங்க?" என்று கேட்கிறேன். மற்ற இடங்களில் இது செல்லாது. கருவிக் கையேட்டில் "நம்பகமான" வேண்டும், மனுவில் "நம்பத்தகுந்த" வேண்டும், அங்கெல்லாம் கதை சொல்ல இடம் இல்லை. மனிதரைப் பற்றி மனிதருக்கு எழுதும்போது இது மற்ற எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்கிறது. செலவு என்று பார்த்தால் நேரம்தான். ஒரு சொல்லுக்குப் பதில் நாலு வரி, அந்த நாலு வரிக்கு அரை மணி நேரப் பேச்சு. பெரிய நிறுவனங்களில் வரிவரியாகப் படிக்க ஆள் இருக்காது என்பதால் அங்கே போகும் கடிதத்தில் முதல் வரியில் ஒரு சொல்லையும் சேர்த்துவிடுவேன்.

கீழமாசி வீதிப் பெரியவரிடமும் அதையே கேட்டேன். "ஐயா, அந்தப் பையனை நம்பி எதையெல்லாம் கொடுத்தீங்க?"

முதலில் ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு. அவருக்கு டீ வரவழைத்தேன். குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு வருடமாகக் கடை திறப்பதே அவன்தான். சனிக்கிழமை வசூலுக்குத் திருமங்கலம், உசிலம்பட்டி லைன் அவனுடையது, இருட்டினாலும் பணத்தைக் கொண்டுவந்து எண்ணி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். பெரியவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த 17 நாளும் கடை ஒரு நாள் அடைக்கவில்லை. சொல்லும்போதே குரல் தழைந்தது. "நம்மகிட்ட எதுக்கு இவ்வளவு காலம் இருந்தான்னே எனக்குத் தெரியலப்பா" என்றார்.

அத்தனையையும் அடித்தேன். அவர் வாயில் "பையன்", "அவன்" என்று வந்ததெல்லாம் கடிதத்தில் "அவர்" ஆனது. அதைப் பார்த்ததும், "சரிதான், அவனுக்கும் முப்பது வயசு ஆகுதுல்ல" என்றார்.

கடைசியில் ஒன்று கேட்டார். நாலு வருடத்துக்கு முன்னால் வசூல் பணத்தில் 4,000 ரூபாயை பஸ்ஸில் தொலைத்துவிட்டு, அன்று ராத்திரியே வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னானாம். மாதம் 500 வீதம் அவனே சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிக் கட்டி முடித்திருக்கிறான்.

"அதைப் போடலாமா, வேணாமா?"

"நீங்க சொல்லுங்கய்யா."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தார். "போடு" என்றார். "அதை முதல்ல போடு."